ஐயம் அவமதிப்பாகுமா?

வாயிலில் நிற்கும் காவற்காரன் உள்ளே வரும் ஒருவனை நிறுத்தி, "மூட்டையை அவிழ்த்துக் காட்டு" என்று சொல்வானாயின், நிறுத்தப்பட்டவன் அதனைத் தனக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதலாமா, கூடாதா என்னும் கேள்வி சிறிய கேள்வியன்று. கருதலாம் என்றால் உலகில் காவல் என்பதே இல்லாமற் போகும். கூடாது என்றாலோ, காவலின் பேரால் எவரும் எவரையும் எப்படியும் நடத்தலாம் என்றாகும். இவ்விரண்டுக்கும் நடுவே நேர்மையான வழி ஒன்று உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருளோ, நம்மில் பலர் நாள்தோறும் கண்டும் அதன் உள்ளே நடப்பதை அறியாத ஒன்று. அஃதாவது, கணிப்பொறியின் திரையில் நம்முடைய பெயர் எழுதப்படும் முறை.

தஞ்சோங் பகாரை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1864இல் அங்கே கப்பற்றுறைக் கம்பெனி ஒன்று ஏற்பட்ட பின்னர், அத்துறையில் சரக்கேற்றியும் இறக்கியும் வயிறு வளர்த்த தமிழர் பலர். 1932 முதல் 2011 வரை அங்கே நடந்த புகைவண்டி நிலையத்தில் வந்திறங்கிப் பட்டணம் பார்த்துச் சென்ற தோட்டத்துத் தமிழரும் பலர். கடையநல்லூரிலிருந்து வந்து அப்பகுதியில் குடியேறிய முஸ்லிம் தமிழர்கள் 1941இல் தமக்கொரு சங்கம் கண்டு, 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியையும் தொடங்கினார்கள். உமறுப் புலவர் பெயரால் விளங்கிய அப்பள்ளி 1982 வரையில் நடைபெற்றது. இன்று அங்கே மூட்டை சுமப்பார் இல்லை. 290 மீட்டர் உயரமுள்ள கோபுரம் 2016 முதல் நிற்கிறது. அதனையும் அதனைச் சூழ்ந்துள்ள மாளிகைகளையும் போன்ற இடங்களில், சுமை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து தொழில் செய்கிறார்கள். 'பகார்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வேலி என்று பொருள். தஞ்சோங் பகார் என்றால் வேலிமுனை. நாம் பேசப்போவதும் வேலியைப் பற்றியே.

'முத்து எஸ்/ஓ கருப்பன்' என்று ஒருவர் பெயர் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்றும், மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்றும் நம்மவர் பெயரின் நடுவே எழுதப்படுவது மகன், மகள் என்பதன் சுருக்கம். வெள்ளைக்கார ஆட்சியின் ஏட்டு வழக்கம் அது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து களைந்தெறிந்த தமிழனுக்கு எஞ்சி நிற்பவை தன் பெயரும் தன் தந்தை பெயருமே. அவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக நிற்பது ஒரு சாய்கோடு. இப்பெயரை ஏதேனும் ஒரு படிவத்தில் எழுதி அனுப்பினால், சில வேளைகளில் 'முத்து எஸ்&#47;ஓ கருப்பன்' என்பது போன்றதொரு உருவத்தில் அது திரும்பி வருகிறது. வேறு சில படிவங்களோ, "உம்முடைய பெயரில் செல்லாத எழுத்து உளது" என்று கூறி அப்பெயரையே ஏற்க மறுக்கின்றன. பெற்றோர் இட்ட பெயரில் செல்லாத எழுத்து எங்கிருந்து வந்தது என்று அவர் திகைத்து நிற்கிறார்.

அச்சுக்கூடத்தை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஆசிரியர் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் சிவப்பு மையினால், "இதைத் தடித்த எழுத்தில் கோக்க" என்றும், "இப்பத்தியை நீக்குக" என்றும் எழுதுகிறார். அச்சுக்கோப்பவர் அவற்றை அச்சிடுவதில்லை, அவற்றின்படி செய்கிறார். கறுப்பு மையில் உள்ளதை மாத்திரமே அச்சிடுகிறார். ஆகவே கட்டளைக்கு ஒரு மை, செய்திக்கு ஒரு மை. இனிச் சிவப்பு மை கிடைக்காத ஓர் அச்சுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கட்டளையும் செய்தியும் ஒரே மையில் எழுதப்படுகின்றன. கோணக்குறிகளுக்கு உள்ளே இருப்பது கட்டளை, வெளியே இருப்பது செய்தி என்று ஒரு விதி மட்டும் உண்டு. அப்பொழுது ஊரிலிருந்து கடிதம் எழுதும் ஒருவர், தம் கடிதத்தின் நடுவே கோணக்குறியிட்டு, "மேலுள்ள தலையங்கத்தை நீக்கிவிட்டு என் பெயரைப் பெரிதாக அச்சிடுக" என்று எழுதிவிட்டால், அச்சுக்கோப்பவர் அதற்கும் கீழ்ப்படிந்துவிடுவார் அல்லவா?

1990ஆம் ஆண்டையொட்டி ஜெனீவாவுக்கருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி இத்தகைய ஒற்றை மை அச்சுக்கூடமே. '<' என்னும் குறியைக் கண்டால் கட்டளை தொடங்கிற்று என்றும், '>' என்னும் குறியைக் கண்டால் முடிந்தது என்றும் பிரௌசர் அறிந்துகொள்ளும். அப்படியாயின் கோணக்குறியையே எழுத்தாகக் காட்ட வேண்டுமானால் என் செய்வது? அதற்கொரு மாற்றெழுத்து வகுத்தார்கள். '&' குறியில் தொடங்கி, அரைப்புள்ளியில் முடியும்படி '&#60;' என்று எழுதினால், பிரௌசர் அதைக் கட்டளையாகக் கொள்ளாமல், '<' என்னும் வடிவத்தை மட்டும் திரையில் காட்டும். இவ்வாறு மாற்றி எழுதுவதற்குத் தொழில் தெரிந்தவர்கள் 'எஸ்கேப்பிங்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் இதனைக் காப்பெழுத்து என்று வழங்குவோம். "வணக்கம், இன்னார் அவர்களே" என்று முன்னரே அமைத்து வைத்த படிவத்தின் வெற்றிடத்தில் அவரவர் பெயரை நிரப்பித் தரும் கருவிக்கு டெம்ப்ளேட் எஞ்சின், அதாவது வார்ப்புப் பொறி, என்று பெயர். காப்பெழுத்தை இடும் வேலை பெரும்பாலும் இப்பொறியினிடமே விடப்பட்டிருக்கிறது.

தொடக்கத்தில் இவ்வேலியைப் பற்றி எவரும் அதிகம் கவலை கொள்ளவில்லை. பயிர் மேயப்பட்ட பிறகே வேலியின் நினைவு வந்தது. ஒருவர் எழுதும் வாசகத்திற்குள் ஏவற்சொற்களை ஒளித்துவைத்து, அதைப் படிப்பவரின் கணிப்பொறியைத் தம் விருப்பப்படி ஆட்டிவைக்கலாம் என்பதை 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் மையம் வெளிப்படையாக எச்சரித்தது. அத்தகைய தாக்குதலைக் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்பர். 2005 அக்டோபர் 4ஆம் நாள் சாமி கம்கார் என்னும் இளைஞர் மைஸ்பேஸ் என்னும் தளத்தில் தம் பக்கத்தில் இவ்விதமாக ஓர் ஏவலை ஒளித்து வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவரெல்லாம் தாம் அறியாமலே அவருக்கு நண்பராயினர். பார்த்தவருடைய பக்கத்திலும் அவ்வேவல் தொற்றிக்கொண்டது. 20 மணி நேரத்திற்குள் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் அதற்கு இரையாயின. அந்தத் தளத்தில் காவலே இல்லாமலில்லை. தீய சொற்கள் இவையென்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அப்பட்டியலில் உள்ள சொல் வந்தால் தடுத்தார்கள். கம்காரோ தடுக்கப்பட்ட சொல்லை இரண்டாக முறித்து இரண்டு வரியில் எழுதினார். காவல் ஏமாந்தது; பிரௌசர் மட்டும் அதை ஒட்டிப் படித்துக்கொண்டது.

இந்நிகழ்ச்சியில் ஒழுக்க நூலுக்குரிய பாடம் ஒன்று இருக்கிறது. தோற்றத்தைக் கொண்டு தீயோரைப் பிரித்தெடுக்க முயன்ற காவல் தோற்றது. தீயோன் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்வான். மாற்றிக்கொள்ளத் தெரியாத நல்லவனே அகப்படுவான். ஆகவே பிற்காலத்தில் பொறி செய்தவர்கள் வேறொரு நெறிக்கு வந்தார்கள். எவர் எழுதியதாயினும், எத்தன்மையதாயினும், வெளியிலிருந்து வரும் வாசகம் அனைத்திற்கும் காப்பெழுத்து இடப்படும் என்பதே அந்நெறி. 2008இல் வெளிவந்த ஜாங்கோ 1.0, 2010இல் வெளிவந்த ரெயில்ஸ் 3 ஆகிய கருவிகள் கேளாமலே இதனைச் செய்யத் தொடங்கின. இன்று பல பொறிகளின் வழக்கம் அதுவே.

"இஃதென்ன நியாயம்? ஒரு சிலர் செய்த குற்றத்திற்காக எல்லோரையும் ஐயுறுவதா?" என்று சிலர் கேட்கலாம். நாம் மறுமொழி சொல்கிறோம்: எல்லோரையும் ஐயுறுவது எவரையும் அவமதிப்பதன்று. சிலரை மட்டும் ஐயுறுவதே அவமதிப்பு.

நம்முடைய சரித்திரத்திலிருந்தே இதனை விளக்குவோம். சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள செயிண்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதல் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் ஒன்று நடந்து வந்தது. காலராவும் அம்மையும் கப்பலேறி வந்த காலத்தில் அத்தகைய நிலையம் வேண்டியதே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த ஏழை மக்களே பெரும்பாலும் அத்தீவில் இறக்கப்பட்டார்கள். அறையெடுத்து வந்த கனவான்கள் பெரும்பாலும் நேரே பட்டணத்தில் இறங்கினார்கள். நோய்க்கிருமி பயணச்சீட்டைப் பார்த்துத் தொற்றுமா? பணம் உள்ளவனுக்கு நம்பிக்கையும், இல்லாதவனுக்கு ஐயமும் என்று பங்கிட்டபோதே, காவல் என்பது இழிவாக மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது தொழிலாளர் தங்குவிடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. நோய் அங்கே கடுமையாகப் பரவியது உண்மை. ஆயினும் பட்டணத்தார் கடைத்தெருவுக்குச் செல்லத் தொடங்கி நெடுநாள் ஆன பின்னும், நம் நாட்டிலிருந்து உழைக்க வந்த பிள்ளைகள் விருப்பம்போல் வெளியே வர இயலாதிருந்தார்கள். காவலின் தேவை எங்கே முடிந்தது, வழக்கத்தின் சோம்பல் எங்கே தொடங்கிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? அவ்வளவு தொலைவும் செல்வானேன்? வேலைக்காரி வீடு திரும்பும்போது அவள் பையைத் திறந்து பார்க்கும் வீடுகள் நம்மவரிடையே இல்லையா? அவ்வீட்டாருள் எவரேனும் விருந்துண்டு செல்லும் உறவினரின் பையைத் திறந்து பார்த்ததுண்டா?

இவ்வகையில் வார்ப்புப் பொறி பல மனிதரினும் மேலானது என்றே சொல்ல வேண்டும். அது துரையின் பெயருக்கும் தோட்டக்காரனின் பெயருக்கும் ஒரே காப்பை இடுகிறது. அதனினும் முக்கியமான குணம் மற்றொன்றும் அதற்கு உண்டு. நன்கு இடப்பட்ட காப்பெழுத்து எவருடைய வாசகத்தையும் அழிப்பதில்லை, திருத்துவதுமில்லை. எழுதியவர் கோணக்குறி எழுதியிருந்தால் படிப்பவருக்குக் கோணக்குறியே தெரியும். அது ஏவலாக மாறாது என்பதொன்றே வேறுபாடு. 1972 ஜூனில் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலப்பெட்டிக் கப்பல் வந்து சேர்ந்தது. அன்று முதல் சரக்கு பெட்டியில் அடைபட்டு வந்து, அடைபட்டவாறே சென்றது. பெட்டிக்குள் பட்டிருந்தாலும் பருத்தியிருந்தாலும் பளுதூக்கும் பொறிக்கு ஒன்றே. பெட்டி சரக்கைக் கெடுப்பதில்லை. சரக்கும் கப்பலைக் கெடுப்பதில்லை. ஒழுங்கான ஐயத்தின் இலக்கணம் இதுவே. ஐயுறப்பட்டவனிடமிருந்து அது எதனையும் பறித்துக்கொள்ளாது.

நிற்க. காப்பெழுத்து இவ்வளவு நல்லதாயின், முத்துவின் பெயர் சிதைந்து வந்ததேன் என்று வாசகர்கள் கேட்பார்கள். அக்கேள்வியிலேதான் இந்த ஆராய்ச்சியின் உயிர்நிலை இருக்கிறது.

முதற்காரணம், காப்பை இருமுறை இடுவது. '&' என்னும் குறிக்குக் காப்பெழுத்து '&#38;' என்பது. இதனை ஒருமுறை இட்டால் திரையில் '&' என்றே தெரியும். முதற்காவற்காரன் காப்பிட்டு அனுப்பியதை அறியாத இரண்டாங்காவற்காரன், அதிலுள்ள '&' குறியைக் கண்டு ஐயுற்று மீண்டும் காப்பிடுவானாயின், அது '&#38;#38;' என்றாகிவிடும்; படிப்பவருக்கு '&#38;' என்னும் பொருளற்ற குறிக்கூட்டம் தெரியும். முதற்காவல் பழுதற்றது, இரண்டாங்காவலும் தன்னளவில் பழுதற்றதே. இருவரும் ஒருவரோடொருவர் பேசாமையே பழுது. அவர்கள் பேசாமையின் கூலியைக் கொடுப்பவனோ, இருவரையும் அறியாத மூன்றாமவன்.

இரண்டாங்காரணம், காப்பை இடவேண்டிய இடத்தில் இடாமல் வேறிடத்தில் இடுவது. பி.எச்.பி. என்னும் மொழியில் முன்னாளில் 'மேஜிக் கோட்ஸ்' என்றொரு ஏற்பாடு இருந்தது. வாசகம் உள்ளே நுழையும்போதே, அது எங்கே செல்லப்போகிறது என்பதை அறியாமல், மேற்கோட்குறி கண்ட இடமெல்லாம் முன்னே ஒரு பின்சாய்கோட்டை அது நட்டுவிடும். சிங்கப்பூரின் டி'அல்மெய்டா தெருவின் பெயர் 'டி\'அல்மெய்டா' என்று ஏட்டில் ஏறி, அவ்வாறே நிலைத்துவிடும். நன்மையினும் தீமையே மிகுதி என்று கண்டு 2009இல் அதனை வேண்டாமென்றார்கள். 2012இல் அடியோடு நீக்கினார்கள். எச்.டி.எம்.எல்.லுக்குரிய காப்போடு ஏட்டில் ஏறிய பெயர் குறுஞ்செய்தியாகவோ, அச்சிட்ட அட்டையாகவோ செல்லும்போதும் இதே கேடு விளைகிறது. அங்கே பிரௌசர் இல்லையாதலால் காப்பு கழல்வதில்லை. எந்த வாயிலில் ஆபத்தோ அந்த வாயிலில் காவல் வைக்க வேண்டும். பிறக்கும்போதே குழந்தையின் நெற்றியில் பச்சை குத்திவிடுவது காவலன்று.

நம் எழுத்துக்கே நேர்ந்த கதியைச் சொன்னால் இவ்விரண்டு காரணங்களும் ஒருங்கே விளங்கும். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்னும் மாநாடு கூடிற்று. இணையத்தில் தமிழ் எழுத்தை ஏற்றுவதற்குப் பெரிதும் உழைத்த ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி அதன் பின்னே நின்றார். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மலேசியாவிலும் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாதிருந்த காலம் அது. யூனிக்கோட் என்னும் உலகப் பொது ஏற்பாட்டில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், அது எங்கும் பரவப் பல ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் ரோமன் எழுத்துக்கு மட்டுமே இடங்கொடுத்த படிவம் ஒன்றில் 'தமிழ்' என்று எழுதினால், பிரௌசர் அதைத் தூக்கி எறியாமல், தன்னாலியன்ற உதவியாக எண்களாக மாற்றி அனுப்பும். மறுபுறத்தில் வார்ப்புப் பொறி அதிலுள்ள '&' குறிகளைக் கண்டு ஐயுற்றுக் காப்பிடும். முடிவில் திரையில் தோன்றுவது '&#2980;&#2990;&#3007;&#2996;&#3021;' என்பதே. ஐந்து எண்கள், அவையே நம் மொழியின் பெயர். பெரட்டுக்களத்தில் ஆளின் பெயருக்குப் பதில் எண்ணைக் கூப்பிட்ட காலத்தைக் கேட்டறிந்த தோட்டத்துத் தமிழருக்கு இதன் வருத்தத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இதில் வேடிக்கை யாதெனில், இருபுறத்தாரில் எவரும் தமிழை வெறுத்தவரல்லர். ஒருவர் உதவ நினைத்தார். மற்றவர் காக்க நினைத்தார். தமிழும் அங்கே வரும் என்று எவரும் நினைக்கவில்லை. அஃதொன்றே குறை.

இதிலிருந்து நாம் முன்னே சொன்ன நெறிக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டியவர்களாகிறோம். எல்லோரையும் சமமாக ஐயுறுவது நீதி என்றோம். ஆனால் விதி சமமாயிருந்தும் அதன் பாரம் சமமாக விழாமற்போகலாம். சாய்கோட்டையும் ஐயுற வேண்டும் என்று விதித்தால், அவ்விதி ஏட்டில் எல்லோருக்கும் பொதுவே. அதனால் இடறுபவர் மட்டும் தமிழரும் அவர்போன்ற பெயருடையோருமே. ஜாவாஸ்கிரிப்டில் அமைந்த மஸ்டாஷ் என்னும் பொறி கோணக்குறி, மேற்கோட்குறி ஆகியவற்றோடு சாய்கோட்டுக்கும் காப்பிடுகிறது. கட்டளையை முடிக்குமிடத்தில் சாய்கோடு வருவதுண்டு என்பதே அதற்குக் காரணம். ஆனால் கட்டளையைத் தொடங்கும் கோணக்குறிக்கே காப்பிட்டுவிட்ட பிறகு, சாதாரண வாசகத்தின் நடுவே நிற்கும் சாய்கோடு யாரை என்ன செய்துவிடும்? கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளைப் பாருங்கள். அங்கே ரோமன் எழுத்துக்கும், எண்ணுக்கும், '<' என்னும் குறிக்குமே இடமுண்டு. நம் சாய்கோட்டுக்கு இடமில்லை. பிரௌசர் கண்டஞ்சும் அக்கோணக்குறியே அங்கே வெற்றிடம் நிரப்பும் சாதுவான குறி. ஆகவே எந்த எழுத்தும் பிறவியிலேயே தீயதன்று. நிற்குமிடத்தினால்தான் அதற்கு ஆற்றல் வருகிறது. பிறப்பினால் ஒருவனைத் தீயன் என்று ஒதுக்கும் மடமையை மனிதர் விஷயத்தில் எதிர்க்கும் நாம், எழுத்து விஷயத்திலும் அதையே சொல்கிறோம்.

இனி, பெயர் சிதைந்து வருவதைக் காணும் தொழிலாளி செய்வதென்ன? அவனுக்கு மேலதிகாரி அவசரப்படுத்துகிறார், பொழுதோ போய்விட்டது. பொறிகள் எல்லாவற்றிலும் ஒரு சாவி உண்டு. "இவ்வாசகம் நம்பத்தக்கது, காப்பிட வேண்டாம்" என்று முத்திரையிடும் சாவி அது. ஹேண்டில்பார்ஸ் என்னும் பொறியில் இரட்டை அடைப்பை மூன்றாக்கினால் போதும். ஜாங்கோவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். உடனே பெயர் ஒழுங்காகத் தெரியும். மேலதிகாரி மகிழ்வார். ஆனால் அவன் முத்துவின் பெயரைச் சீர்படுத்தினானா? இல்லை. முத்து நுழையும் வாயிலின் கதவைக் கழற்றி எறிந்தான். நாளைக்கு அதே வாயிலில் முத்துவும் வருவார், கள்வனும் வருவான். கள்வன் வந்தால் முதலில் இழப்பவர் முத்துவே. தன் பெயருக்கு மரியாதை வேண்டியவரிடம், "இதோ மரியாதை" என்று கூறி அவர் வீட்டுப் பூட்டை உடைத்துத் தந்ததற்கே இஃது ஒப்பாகும். நேர்மையான மருந்து வேறு. முதற்காப்பு எங்கே இடப்பட்டது என்று தேடிக் கண்டுபிடித்து, ஏட்டில் பெயரை அவர் எழுதியவாறே வைத்து, வெளியே காட்டும் கடைசி வாயிலில் அவ்விடத்திற்குரிய காப்பை ஒருமுறை மட்டும் இடவேண்டும். இதற்கு அரைநாள் உழைப்பு வேண்டும். அச்சாவிக்கோ அரை நிமிடம் போதும். அந்த அரைநாளை எடுத்துக்கொள்கிறானா இல்லையா என்பதிலே அவனுடைய ஒழுக்கம் தெரிகிறது.

நம்பத்தக்கது என்று முத்திரையிடும் உரிமை யாருக்குண்டு? அவ்வாசகத்தைத் தானே ஆக்கியவனுக்கு உண்டு. அல்லது அதனை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து, கேடு வந்தால் நான் பொறுப்பு என்று சொல்லத் துணிந்தவனுக்கு உண்டு. தொல்லை தீர்ந்தால் போதும் என்று முத்திரை குத்துபவனுக்கு இல்லை. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவனை ஐயுறுவதும் ஆகிய இரண்டும் கேடு பயக்கும் என்பது அதில் வள்ளுவர் வற்புறுத்தும் கருத்து. காப்பின்றி உள்ளே விடுவது முதற்கேடு. காப்பிட்டதற்கே மீண்டும் காப்பிடுவது இரண்டாங்கேடு. கணிப்பொறியைக் கனவிலும் காணாத காலத்தில் எழுந்த அறம் இதற்கு இவ்வளவு பொருந்துவதேன்? பொறி புதிதாயினும் அதை ஆக்கிய மனிதனின் நெஞ்சம் பழையதேயாதலால்.

வேலிமுனையைப் பற்றிய மலாய்க் கதை ஒன்றை இங்கே நினைவுகூர்வது தகும். செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் நூலில் அது இருக்கிறது. வாள்மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரைமேற் பாய்ந்து சிங்கப்பூர் மக்களைக் குத்திக் கொன்றன. அரசன் தன் ஆட்களைக் கடற்கரையில் வரிசையாக நிற்கச் செய்து அவர்கள் கால்களையே வேலியாக்கினான், அவர்கள் மாண்டார்கள். ஒரு சிறுவன், "மனிதரை ஏன் நிறுத்துகிறீர்கள்? வாழைத்தண்டுகளை நிறுத்துங்கள்" என்றான். அவ்வாறே செய்ய, மீன்களின் மூக்கு தண்டுகளில் சிக்கிக்கொண்டது; மக்கள் பிழைத்தார்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். "இத்தனை அறிவுடைய பையன் வளர்ந்தால் நமக்கு ஆபத்து" என்று அரசனிடம் ஓதினார்கள். அரசன் அவனைக் கொல்வித்தான். தஞ்சோங் பகார் என்னும் பெயர் இந்த வாழைத்தண்டு வேலியால் வந்தது என்பாரும் உளர். கடலில் நட்ட மீன்பிடிக் கழிகளால் வந்தது என்பாரும் உளர். பெயர் எதனால் வந்திருப்பினும் கதையின் நீதி ஒன்றே. மீனை ஐயுற்று வேலியிட்டது அறிவு. வேலி சொன்னவனையே ஐயுற்றுக் கொன்றது அறிவின்மை. அதே அரசனிடத்தில், அதே கடற்கரையில், ஐயம் ஒருமுறை காவலாயிற்று, மறுமுறை கொலையாயிற்று. முன்னதில் அவன் வரும் கேட்டைப் பார்த்தான். பின்னதில் வாராத கேட்டைத் தன் அச்சத்தினால் ஆக்கிக்கொண்டான்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நாம் தரும் விடை இது. ஐயம் அவமதிப்பாகாதிருக்க வேண்டுமானால் நான்கு இலக்கணங்கள் வேண்டும். அது எல்லோர் மேலும் விழ வேண்டும். ஆபத்துள்ள வாயிலில் மட்டும் விழ வேண்டும். ஒருமுறைக்கு மேல் விழலாகாது. ஐயுறப்பட்டவனுடைய பொருளும் பெயரும் அவனுக்கு முழுமையாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும், காவற்காரன் எவ்வளவு இன்சொல் பேசினாலும், நிறுத்தப்பட்டவன் கோபங்கொள்வதற்கு உரிமையுடையவனே.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள அன்பர்களுக்கு இறுதியாக ஒன்று கூறுவோம். படிவம் உங்கள் பெயரை ஏற்க மறுத்தாலும், சிதைத்துக் காட்டினாலும், "நமக்கெதற்கு வம்பு" என்று சாய்கோட்டை விழுங்கிவிட்டு வேறு பெயர் எழுதிக்கொடுக்காதீர்கள். ஓரிடத்தில் சாய்கோட்டுடனும், வேறிடத்தில் அஃதின்றியும் எழுதிய பெயர், பிறிதொரு நாள் இரண்டு பெயர்களாகி நின்று, நீங்கள்தாம் நீங்கள் என்பதை மெய்ப்பிக்கச் சொல்லும். உரிய அலுவலகத்திற்கு எழுதுங்கள். பெயர் இவ்வாறு தோன்றுகிறது என்று படியெடுத்துக் காட்டுங்கள். இத்தொழிலிலே இருக்கும் நம் இளைஞர்களோ, சோதனைக்காக ஒரு பெயரை எழுதிப் பார்க்கும்பொழுதெல்லாம் ஆங்கிலேயர் பெயரையே எழுதாமல், 'முத்து எஸ்/ஓ கருப்பன்' என்றும், 'மீனாட்சி டி/ஓ சுப்பையா' என்றும், தமிழெழுத்தில் ஒரு பெயரும் எழுதிப் பார்ப்பார்களாக. அதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. பின்னர் அப்பெயர்கள் எழுதியவாறே திரையில் வந்து நிற்கின்றனவா என்று பார்த்து, நிற்கவில்லையென்றால் அன்றைய வேலை முடியவில்லை என்று கொள்வார்களாக.